சேலை போர்த்திய மதர்போர்டு

தமிழ்ப் பெருமக்களே, சற்றே நின்று இந்த வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். பத்து பெரண்டாம் என்னும் ஊரின் தாமான் குடியிருப்பில், விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி நடுங்கும் வரிசை வீடு. அங்கே பட்டப்பகலில், பெற்ற தகப்பனே முன்னின்று, ஒரு பெண்ணின் அறிவைச் சேலை போட்டு மூடுகிறார். உவமை என்று எண்ணிவிடாதீர்கள். மெய்யான சேலை; மாம்பழ நிறம், பச்சைக் கரை.

"அப்பா, மூடாதீங்க. டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கு," என்றாள் அனுசியா.

"ஓடட்டும். சேலைக்குள்ளயே ஓடட்டும்," என்றார் நாகமுத்து.

"சூடு ஏறும்பா."

"எனக்கு ஏறுறத விடவா?"

மூடப்பட்டது அனுசியாவின் கணினி. தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். வீடு திரும்பினால் தன் கணினியின் செயலியை, அதைச் செய்தவர்கள் வகுத்த வேகத்துக்கும் மேலே ஓடவைத்துப் பார்ப்பாள். அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். செயலியைத் தாங்கும் எல்லா மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்காது. அதில் பதிந்திருக்கும் சிப்செட் என்ற சில்லுத்தொகுதி எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஆராய்ந்து, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசித் திருகாணிவரை அவளே பூட்டினாள்.

இந்த நேர்த்தியை நாகமுத்து அறியார். தொழிற்சாலை ஒன்றில் லாரிகளை அனுப்பிவைக்கும் எழுத்தர் அவர். அவர் அறிந்ததெல்லாம், இந்தப் பெட்டியால் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின என்பதே. "உங்க பொண்ணு மெஷினத்தான் கட்டிக்கும் போல," என்று சொல்லிவிட்டுக் கறிபாப்புப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்துபோனாள் முந்தைய மாப்பிள்ளையின் தாய்.

இன்று மூன்றாவது வரன். சுங்கை ரம்பாயிலிருந்து தினேஷ்வரன் வருகிறான். கைப்பேசியில் சிலமுறை பேசியதிலேயே அவனை அனுசியாவுக்குப் பிடித்துவிட்டது. கணினி என்ற சொல்லை மட்டும் எடுக்கக்கூடாது என்று அப்பா தடுத்திருந்தார். எனவே இருவரும் இத்தனை நாளும் சாப்பாட்டைப் பற்றியே பேசித் தீர்த்திருந்தார்கள்.

"காட்டிட்டே பேசினா என்னப்பா தப்பு?"

"கல்யாணத்துக்கு அப்புறம் காட்டு. அப்ப அவங்களால திருப்பி அனுப்ப முடியாது."

வாசலில் கார் நின்றது.

தினேஷ்வரன் முதலில் இறங்கினான். அடுத்து அவன் தாய் உஷாராணி. மூக்குக் கண்ணாடி, இறுகிய உதடு, கையில் கைப்பேசி. கடைசியாகத் தந்தை சேகரன். அவர் பார்வை நேராகப் பலகாரத் தட்டுக்குப் போனது.

"வாங்கண்ணே, வாங்கம்மா. உக்காருங்க," என்றார் நாகமுத்து.

உட்கார்ந்தார்கள். அதே வேளையில், காற்று கிடைக்காமல் தவித்த கணினியின் விசிறிகள் முழு வேகத்தில் அலறத் தொடங்கின.

"அது என்ன சத்தம் அங்கிள்?" என்றான் தினேஷ்வரன்.

"வாஷிங் மெஷின்."

"ஹால்லயா?" என்றார் சேகரன், வாயில் கறிபாப்புடன்.

"புதுசுண்ணே. இன்னும் உள்ள தள்ளல."

விசிறிக் காற்றில் சேலை உப்பி, நழுவி, ஒரு பக்கம் சரிந்தது. கண்ணாடிக் கதவுக்குள் ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் மின்னின. பக்கத்துத் திரையில், கே என்று முடியும் செயலியின் பெயரும் 5.5 கிகாஹெர்ட்ஸ் என்ற வேகமும் தெரிந்தன.

"வாஷிங் மெஷின்ல லைட் எரியுது," என்றார் சேகரன்.

அப்போது நாகமுத்துவின் மனைவி மீனம்மா சபையைக் காப்பாற்றினாள். "அது நம்ம தர்ஷன் கம்ப்யூட்டருங்க. இவருக்கு ஒண்ணுமே வெளங்காது லா."

சுவரோரம் நின்ற தர்ஷன் திடுக்கிட்டான். அனுசியாவின் தம்பி அவன். தெங்கேராவில் கைப்பேசி உறை விற்பவன். கணினியைத் தொட்டால் அக்காள் கையை முறிப்பாள் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறு எதுவும் அறியாதவன். அனுசியா சேலையைச் சரிசெய்யும் சாக்கில் சோதனையை நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்தபடி சமையலறைக்குப் போனாள். சத்தம் அடங்கியது. தப்பித்தோம் என்று நாகமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

உஷாராணி கைப்பேசியில் ஏதோ தட்டினாள். உறவினருக்குப் புகார் பறக்கிறது என்று நாகமுத்து நடுங்கினார். அதற்குள் தினேஷ்வரன் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன சிப்செட் போட்டிருக்கீங்க புரோ?"

"கறுப்பு," என்றான் தர்ஷன்.

"இல்ல, பி வகையா, இசட் வகையா?"

"பி. இப்ப அதுதான் நல்லா ஓடுது. எல்லா மாடலுக்கும் பொருந்தும்."

தினேஷ்வரன் மீண்டும் கைப்பேசியைப் பார்த்தான். "கே-ன்னு முடியிற செயலிக்குத்தான் வேகப் பூட்டு கிடையாது. ஆனா அத பி போர்டுல போட்டா வேகத்த ஏத்தவே முடியாதே. நீங்க எப்படி ஏத்துனீங்க?"

"மெதுவா," என்றான் தர்ஷன்.

மாப்பிள்ளைப் பையன் பெரிய நிபுணன் போலிருக்கிறதே என்று நாகமுத்து அதிர்ந்தார். ஓடிப்போய்ச் சமையலறையில் மகளிடம் நின்றார். அங்கே அனுசியா தேநீர்த் தட்டைத் தூக்கியபடி திரும்பினாள்.

"அவன் என் போர்ட பி-ங்குறான்பா. அது இசட் 790. எத்தன நாள் தேடி எடுத்தேன் தெரியுமா?"

"எந்த எழுத்தா இருந்தா என்ன? உன் தம்பி மானம் போவுது."

"என் மானம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் நம்மில் எத்தனை தகப்பன்மாரிடம் இருக்கிறது? பதிலுக்கு மாறாக நாகமுத்துவிடம் ஒரு திட்டம் இருந்தது. கூடத்துக்குத் திரும்பி அறிவித்தார்.

"தர்ஷனுக்குத் தொண்ட வலி. அவன் அக்கா காதுல சொல்லுவான். அவ எடுத்துச் சொல்லுவா."

"இப்பதான் பேசினாரே அங்கிள்."

"பேசினதாலதான் வலி வந்துச்சு."

அவையோரே, அடுத்து நடந்ததைக் காணக் கண் கூசும். சகோதரன் நாற்காலியில் அமர்ந்தான். சகோதரி தட்டைக் கீழே வைக்கவும் நேரமின்றி அவன் பக்கத்தில் குனிந்தாள். தன் அறிவைத் தானே இரவல் வாங்கிப் பேச வேண்டிய நிலை.

"பி 760-க்கும் இசட் 790-க்கும் அப்படி என்ன வித்தியாசம்?" என்றான் தினேஷ்வரன்.

தர்ஷன் அக்காள் காதருகே போய், "பசிக்குது," என்று முணுமுணுத்தான்.

"தம்பி என்ன சொல்றான்னா," என்று தொடங்கினாள் அனுசியா, "பி 760-ல மெமரி வேகத்த கூட்டலாம். ஆனா செயலியோட வேகத்த பெருக்குற மல்டிப்ளையர தொட முடியாது. அதத் தொடணும்னா இசட்தான் வேணும். கே செயலிய வாங்கி பி-யில போடுறது, லாரி இன்ஜின வாங்கி சைக்கிள்ல கட்டுற மாதிரி. கடைக்காரன் சிரிச்சிக்கிட்டே வித்திருப்பான்."

உஷாராணியின் முகம் சுண்டைக்காய் கடித்ததுபோல் சுருங்கியது. நாகமுத்துவுக்கு உயிர் போய் வந்தது. மகளுக்குக் கண்ணால் சாடை காட்டினார். மகள் பார்க்கவில்லை.

தினேஷ்வரனின் கைப்பேசி ஒலித்தது. "சரி, பழைய இசட் 690 போதாதா?"

தர்ஷன் இம்முறை காதருகே போகவும் மறந்து கேசரியைக் கையில் எடுத்திருந்தான். அனுசியாவும் அவனை எதிர்பார்க்கவில்லை.

"போதும்னு தம்பி சொல்றான். வேகம் ஏத்துறதுக்கு ரெண்டுமே விடும். புது செயலி போட்டா போர்டுல இருக்குற பயாஸ்ங்குற அடிப்படை மென்பொருள மட்டும் புதுப்பிக்கணும். எழுத்த மட்டும் பாத்து வாங்கக்கூடாது. செயலிக்கு மின்சாரம் குடுக்குற பகுதி எவ்வளவு தாங்கும், அது மேல சூடு தணிக்கிற உலோகம் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும். மலிவான இசட்ட வாங்கினா ஏத்துன வேகத்துல அது கொதிக்கும்."

"தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரே," என்றார் சேகரன்.

"அவன் நெனைக்கிறது எனக்குத் தெரியும் மாமா."

"தண்ணி குடிக்கிறப்பவும் நெனைப்பாரா?"

"அப்பத்தான் நல்லா நெனைப்பான்."

கைப்பேசி மறுபடி ஒலித்தது. தினேஷ்வரனின் நெற்றியில் வியர்வை. "எத்தன வோல்ட்டுல ஓடுது? எந்த சூட்டுல நிக்குது? அஞ்சரை கிகாஹெர்ட்ஸ் நெஜமாவே நெலையா நிக்குதா?"

"நிக்குது. ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓட்டியும் நிக்குது. அப்பா சேலைய போத்தாம இருந்தா இப்பவும் நின்னிருக்கும். நான் வேணும்னா..."

நான் என்ற சொல் சபையில் விழுந்துவிட்டது. மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தர்ஷன் கேசரியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான்.

உஷாராணி எழுந்தாள். யாரிடமும் பேசாமல் கணினி இருந்த மேசையை நோக்கி நடந்தாள். சேலையை ஒரே இழுப்பில் இழுத்துத் தரையில் போட்டாள். கண்ணாடிக் கதவோடு முகத்தை ஒட்டி, உள்ளே உற்றுப் பார்த்தாள்.

மூன்றாவது வரனும் போயிற்று. நாகமுத்து கை குவித்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சின்னப் புள்ள, வெளையாட்டா செஞ்சிட்டா. நாளைக்கே இத வித்துடுறேன். இனிமே இந்த வீட்டுல கம்ப்யூட்டர் பேச்சே இருக்காது."

அனுசியா தட்டை மேசைமேல் வைத்தாள். தேநீர் சிந்தியது, அவள் துடைக்கவில்லை.

"விக்க முடியாதுப்பா. போர்ட தேர்ந்தெடுத்தது நான். பூட்டுனது நான். இவ்வளவு நேரம் பேசினதும் நான். இது புடிக்கலன்னா அவங்க போகட்டும். தினேஷ், உங்க அம்மாவுக்குப் புடிக்கலன்னா தாராளமா சொல்லிடுங்க."

தினேஷ்வரன் தன் தந்தையைப் பார்த்தான். உஷாராணியும் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து அவரைத்தான் பார்த்தாள்.

சேகரன் கடைசிக் கறிபாப்பை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"விக்காதீங்க சம்பந்தி. என் மகனுக்கு ஸ்க்ரூ முடுக்கக்கூடத் தெரியாது. இவ்வளவு நேரம் அவன் ஃபோனுக்குக் கேள்விய அனுப்புனதெல்லாம் அவன் அம்மா. பி போர்டு வாங்கி ஏமாந்தவளும் அவதான். மாமியார் மெஷின் பைத்தியம்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு, வாயத் தொறக்காதேன்னு நான்தான் சத்தியம் வாங்கிக் கூட்டிட்டு வந்தேன்."

தோழர்களே, படித்துவிட்டுச் சிரித்தது போதும், எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பெண்ணின் அறிவு எந்த ஆணின் வாய் வழியாக வெளியே வருகிறது என்று இன்றே கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் அவளை நாற்காலியில் உட்காரவையுங்கள். தேநீரை நீங்கள் எடுத்து வாருங்கள்.