மேடம் சொன்ன கலரு

பீட்ரூட் நறுக்கினு இருக்கேன். கையெல்லாம் சேப்பு. அதனால போன்ல பேசறேன், அதுவா எழுதிக்குது. தப்பு இருந்தா போனத் திட்டுங்க, என்ன வுட்டுடுங்க.

எனக்கு மார்ல கேன்சர் வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சிடுச்சி. சொல்லவே கூச்சமாத்தான் இருக்கு. இனிமே ஒழுங்கா சாப்புடணும், எடை ஏறக்கூடாது. அதக் கேக்கத்தான் ஆஸ்பத்திரில சாப்பாட்டு மேடத்துகிட்ட போனேன்.

வாயத் தொறக்க வெக்கம். அவங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன். மேசமேல இருந்த ஃபேன் கூட அவ்ளோ ஆட்டல.

பஸ்ல திரும்பி வர்றப்ப எங்க வூட்டுக்காரரு, "இன்னா சொன்னாங்க?"ன்னாரு.

பஸ்ஸே காத நீட்டிக்கினு இருக்கு! "தெனம் கலர் கலரா சாப்புடணுமாம்"னு மெதுவா சொன்னேன். அவ்ளோதான்.

எங்க ஊரு மதகடிப்பட்டுல எறங்குனோம். காய் வாங்கப் போறாருன்னு எங்க பாப்பாவத் தூக்கிக்கினு நின்னேன். மனுஷன் பை நெறய பாட்டிலோட வர்றாரு. சேப்பு, பச்ச, ஆரஞ்சு. கண்ணாலத்துல குடுப்பாங்களே, அந்த சோடா கலரு!

"ஏங்க, இது இல்லங்க..."

"டாக்டரே சொல்லிட்டாங்க. வெக்கப்படாத, குடி."

எங்க அத்த, அவரப் பெத்தவங்க, அவருக்கும் மேல. கீமோ அப்ப எனக்குக் கஞ்சி கூட எறங்கல. அதுல பயந்துபோனவங்க. "அத்த, இது வெறும் சக்கரத் தண்ணி"ன்னேன்.

"மருந்த வேணான்னு சொல்லாதடி! பாப்பா மொகத்தப் பாத்துக் குடி!"

பாப்பா மொகத்தப் பாத்தேன். அது பாட்டிலப் பாத்துக்கினு இருக்கு.

சேதி தெருவுக்குப் போச்சி. பாக்க வர்றவங்க எல்லாம் ஆப்பிள வுட்டுட்டு கலரு வாங்கியாந்தாங்க. குடிப்பேன், ஏப்பம் வுடுவேன். "பாத்தியா, நோவு வெளிய போவுது!"ன்னு அத்தைக்கு சந்தோஷம்.

அடுத்த வாட்டி ஆஸ்பத்திரிக்கு அத்தயே கூட வந்தாங்க.

"தெனம் கலர் தர்றோம்மா. காலைல பச்ச, மதியம் ஆரஞ்சு."

மேடம் மொகம் மலர்ந்துடுச்சி. "சூப்பர்மா! ஊதாவும் சேருங்க."

"ஊதா எங்க ஊருக் கடையில இல்லியேம்மா."

"மார்க்கெட்ல நெறய கெடைக்குமே. நல்லா கழுவிட்டுக் குடுங்க."

"மூடியவா?"

மேடத்துக்குப் புரியல. என்ன எடை மெஷின்ல ஏறச் சொன்னாங்க. சிரிப்பு போயிடுச்சி. "இன்னாம்மா இது, இவ்ளோ ஏறியிருக்கு? நோவு திரும்ப வராம பாத்துக்கணும் இல்ல?"

பாப்பா மொகந்தான் நெனப்புக்கு வந்துச்சி. அதுக்கு இன்னும் ஒழுங்கா பேச்சே வரல. எங்கேருந்து தொண்ட வந்துச்சோ, "மேடம், அவங்க சொல்றது காய் இல்ல, சோடா கலரு!"ன்னு கத்திட்டேன். வெளிய டோக்கன் கூப்புடறவங்க கூட நிறுத்திட்டாங்க.

மேடம் மேசமேல கவுந்து சிரிச்சாங்க. "கேரட்டு, கீர, பீட்ரூட்டு... அந்தக் கலரும்மா! சோடாவ தொடவே கூடாது."

அத்த என்னப் பாத்தாங்க. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன் அத்த."

"காதுல வுழற மாதிரி சொல்லணும்டி!"

சரிதான். அதனால இந்த வாட்டி மேடம் சொன்னத எங்க வூட்டுக்காரருக்கு போன் போட்டு, சத்தமா, தெளிவா சொல்லிட்டேன். "தெனம் தண்ணி நெறய சேத்துக்கணுமாம்!" இனிமே கொழப்பமே வராது, ஏன்னா நான் இப்ப...

இருங்க, அத்த கூப்புடறாங்க.

"அடியே! டாக்டரே தண்ணி சேத்துக்க சொல்லிட்டாங்கன்னு இவன் பிராந்திக் கடைக்குக் கெளம்பிட்டான். ஓடியாடி!"

ஐயோ! ஏங்க, நில்லுங்க, நான் சொன்னது குடிக்கிற தண்ணி, அந்தக் குடிக்கிற தண்ணி இல்ல, அதாவது