பூசணம் அண்ணாச்சி அடிக்க மறுத்த சுவர்

கோவில்பட்டியில் பெயின்ட் அடிக்க மாட்டேன் என்று சொல்லியே பேர் வாங்கிய ஒரே பெயின்டர் எங்கள் பூசணம் அண்ணாச்சிதான். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நொடி யோசிப்பார்.

குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும் ஊர் இது. ஆனால் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஐப்பசி பிறந்தால் தை வரை ஈரம் வற்றாது. கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பூக்கும். மூன்று வருடம் பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடித்தோம். மூன்று வருடமும் அடுத்த மழைக்குக் கூப்பிடாமலே வந்துவிட்டது. ஆறு வயது மகளுக்கு இளைப்பு வந்து, "வீட்டுல ஈரம் இருக்கா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

வந்தவர் கையில் பிரஷ் இல்லை. சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. "தூங்கிட்டாரா?" என்று மனைவி என் காதைக் கடித்தாள்.

"எத்தனை நாள்ல அடிச்சு முடிப்பீங்க அண்ணாச்சி?"

"புண்ணு மேல பவுடர் போடச் சொல்லுதீங்களே சார்! நான் போட மாட்டேன்."

ஒரு பால் கவரைப் பிரித்துத் துடைத்து, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்த என் கொழுந்தியாள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் உரித்தார். கவரின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். "ரூம் காத்துல உள்ள ஈரம்னா வெளிப்பக்கம் வேர்த்திருக்கும். இது சுவத்துக்குள்ள இருந்து வருது" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே, வீட்டின் மறுபாதியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, பிச்சிக்கொடிக்காக இரண்டு பாதிக்கும் பொதுவான பின்சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்குக் கரிசல் மண்ணைக் குவித்திருந்தார்.

"இந்த மண்ணு ஒரு மழையைக் குடிச்சா மூணு மாசம் விடாதும்மா. அள்ளிரணும்."

"பெயின்ட் அடிக்க வந்தீரா, என் கொடியைப் புடுங்க வந்தீரா? வெளிய போங்க மொதல்ல!"

போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு கேட்டருகே நின்றார். அதற்கு மறுநாளும். ஆறு நாள். "அந்த ஆளு இன்னொரு தடவ வந்தா நீங்க வீட்டைக் காலி பண்ணுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. விட்டுவிடும்படி அண்ணாச்சியிடம் கெஞ்சினேன்.

"நீங்க பேசாம இருங்க சார்."

ஏழாம் நாள் வெறுங்கையோடு வந்தார். "அம்மா, உங்க பீரோவும் இதே சுவத்துலதான இருக்கு? ஒரு தடவ திறந்து பாருங்க. அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரல."

ஆள் ஒழிந்தால் போதும் என்று திறந்தார். அடித்தட்டில் அவருடைய கல்யாணப் பட்டு. மடிப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்; போகவில்லை.

"மம்பட்டி எங்க?" என்றார் கடைசியில்.

"இன்னைக்குக் கொண்டு வரலயேம்மா."

வீட்டுக்காரம்மாவே தன்னுடையதை எடுத்து வந்து கொடுத்தார்.

பிச்சிக்கொடி வேரோடு டிரம்முக்குக் குடிபோனது. மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், அண்ணாச்சி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பழைய பெயின்ட்டைச் சுரண்டி, ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவினார். அப்போதாவது அடித்தாரா? "காயட்டும்" என்று சித்திரை வரை இழுத்தார். அந்தப் பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாம் சுரண்டிய சுவரைத் துக்கம் விசாரிப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு ஒரே நாளில் அடித்து முடித்தார்.

அடுத்த ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. சுவர் காய்ந்தே கிடந்தது. நனைந்துகொண்டே வந்த அண்ணாச்சியைப் பெருமையோடு படுக்கையறைக்குக் கூப்பிட்டேன். அவர் நகரவில்லை.

"அது கெடக்கட்டும் சார். பிள்ளை இளைப்பில்லாம தூங்குதா?"

தூங்குகிறாள் என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டு டீக்கு உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் மழை பிடித்துக்கொண்டால், யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் டீ கூடுதலாகப் போடுகிறோம்.