அன்னக்கொடியை ஏன் வாசலில் நிறுத்தினாய்?

கவுஞ்சி,
புதன் காலை.

அன்புத் தம்பி செந்தில்வேலுக்கு, அக்கா ஜெயப்பிரியா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் பூண்டும் நலம். பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் நலமாக இருக்க பழனி ஆண்டவர் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

இன்று எழுந்ததும் பல்கூட விளக்காமல் லேப்டாப்பில் உன் புது கேமைத் திறந்தேன். ராத்திரிக்குள் அன்னக்கொடி மனம் மாறியிருப்பாளோ என்று ஒரு நப்பாசை. மாறவில்லை. அதே வாசல், அதே சிரிப்பு, "வாங்க, சூப் குடிக்கிறீங்களா?"

ஏன்டா, இவள் யார்? நீ கதை எழுதிய கேமின் முதல் பாகத்தில் இருந்த அன்னக்கொடியை எனக்குத் தெரியும். மலைப்பூண்டைத் தானே வண்டியில் ஏற்றி, பனிக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே மலை இறங்கி, வடுகபட்டிச் சந்தையில் தரகரிடம், "பூண்டப் பாத்து வெல சொல்லுங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லாதீங்க" என்று மல்லுக்கு நிற்பாள். அந்த இடத்தை எத்தனை முறை விளையாடியிருப்பேன்! எக்ஸ்பான்ஷன் என்று கதையின் அடுத்த பாகம் வருகிறது என்றதும் இவள் அடுத்து எங்கே போவாளோ என்று காத்துக் கிடந்தேன். நீயோ ராமர் என்று ஒரு புருஷனைக் கொண்டுவந்து, வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டாய். ஒரு சண்டை இல்லை, ஒரு காரணம் இல்லை, "இனி நீ ஓட்டு" என்று ஒரு வசனம்கூட இல்லை. போதாக்குறைக்குப் பூண்டைக் காஸ் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். காஸ் அடுப்பில் ஏதுடா புகை? புகை படாத பூண்டு மழைக்காலம் தாங்குமா? விறகடுப்புப் புகையில் கண் எரிந்து வளர்ந்தவன்தானே நீ!

உன் மச்சானிடம் காட்டி, அழாத குறையாகச் சொன்னேன். "நல்லாத்தான புள்ள இருக்கு? அவ வீட்ல இருக்கா, அவன் சோலிய அவன் பாக்குறான்" என்றார்.

"முன்னாடி இவதாங்க வண்டி ஓட்டுனா."

"அது வெளாட்டு."

"இதுவும் வெளாட்டுத்தாங்க."

"அப்பறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வெரசா காப்பியப் போடு."

காப்பி போடும்போதுதான் உறைத்தது. இந்தக் கதையை எழுத உட்காரும் முன் நீ போன் செய்தாய். "ஏக்கா, வண்டி ஓட்டப் போறேன், சந்தைக்கு நானே போகப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, இப்ப என்ன பண்ற?" என்று கேட்டாய். "என்னத்தடா பண்றேன், வர்ற டூரிஸ்ட்டுக்கு சூப்பு ஊத்திக் குடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிறேன்" என்றேன். அப்படியே எழுதிவிட்டாய். முதல் பாகத்தில் நான் ஆசைப்பட்டதை எழுதினாய். இதில் நான் சொன்னதை. லைசென்ஸ் வாங்கியும் பக்கத்து ஊர் மன்னவனூரைத் தாண்டி ஓட்டாதவள் அன்னக்கொடியை எந்த முகத்தோடு கோபித்துக்கொள்வது?

ஆனாலும் வருத்தம் வருத்தம்தான். அவளாவது போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். உன் மேலதிகாரியிடம் பேசி, சாவியை அவள் கையில் திருப்பிக் கொடு.

வேளைக்குச் சாப்பிடு. சளி பிடித்தால் பூண்டு ரசம் வை. பூம்பாறை வேலப்பர் உன் கூடவே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கேமில் எதையும் மாற்ற வேண்டாம், ராமரே ஓட்டட்டும். நாளை வியாழன், சந்தை நாள். வெள்ளனே, உன் மச்சான் எழுந்திரிக்கும் முன், பூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடுகபட்டிக்கு நானே ஓட்டிக் கிளம்புகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சூப்பு பானையில் இருக்கும். அவர் வாசலில் நின்று ஊற்றிக் கொடுக்கட்டும்.