மூன்று தண்ணீரில் கழுவிய சிவப்பு

"வள்ளத்துக்கு நான் பூசுற பெயின்ற் ஒரு மாரிக்காவது நிக்கும் பிள்ளை. நீ சதைக்குப் பூசுறது நிக்குமோ?"

கேட்டவர் என் சித்தப்பா. மன்னார் உப்புக்குளத்தில் எங்கள் பக்கத்து வீடு. மீன்பிடி வள்ளங்களுக்கு நிறம் அடிப்பவர். நானோ எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள். (அப்போதெல்லாம் இதை ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது யாருக்காவது ஞாபகப்படுத்துவேன். அன்று சித்தப்பாவின் முறை.)

"இது பெயின்ற் இல்லை சித்தப்பா. சாயம். விளங்கப்படுத்த நேரமில்லை" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

விளக்கம் இதுதான். தசையைக் கட்டிப் பிடித்துவைத்திருக்கும் தொடுப்பிழையம் என்ற நார், சாயமில்லாமல் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தசையிலிருந்து பிரிந்து தெரியாது. அதற்கென்றே சிவப்பும் மஞ்சளும் கலந்த சாயம் ஒன்று இருக்கிறது. நார் சிவப்பாகும், தசை மஞ்சளாகும். ஆனால் அந்தச் சிவப்பு சீக்கிரம் வெளிறிவிடும். படிக்கும்போது நான் சாயத்தில் அமிலத்தின் அளவை மாற்றி, ஊறும் நேரத்தையும் மாற்றி, சிவப்பை நன்றாகப் பிடிக்க வைத்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த சிறிய ஆய்வுகூடத்தில் அந்தப் பரிசோதனையே கிடையாது. மாதிரிகள் வெளியூருக்குப் போகும். முடிவு வரும்வரை நோயாளி காத்திருப்பார். உடலில் வெட்டியெடுத்த துண்டுகளைப் பார்த்து நோய் சொல்லும் இழையவியல் டொக்டர் ஒருநாள் வந்து என் சிலைட்டைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவர் சரியென்றால் அந்த வேலை எங்களிடமே நடக்கும், என் கையால். இல்லையென்றால் காலம் முழுக்க நான் சளியும் சிறுநீரும்தான்.

அவர் வருவது அன்றுதான். விடிந்ததிலிருந்து என் கால் தரையில் நிற்கவில்லை. ஆட்டிறைச்சியில் வெட்டிய மெல்லிய துண்டுகள் சிலைட்டில் தயார். சாயத்திலும் ஊறிவிட்டன. கழுவப் போகும்போதுதான் பார்த்தேன், காய்ச்சி வடித்த தண்ணீர்ப் போத்தல் காலி.

"பைப்புத் தண்ணி இருக்குத்தானே?" என்றார் லூர்து அண்ணை. ஆய்வுகூடத்தில் எனக்கு மூத்தவர்.

"அது உப்பு அண்ணை. குடிக்கிறதுக்கு வாளியில அள்ளி வச்சிருக்கிறது நல்ல தண்ணியோ?"

"குடிச்சுப் பாருங்கோவன்."

அவர் பகிடிக்குச் சொன்னார். மன்னாரில் பிறந்த எவருக்கும் அது பகிடியாகத் தெரியாது. எந்தக் கிணறு உப்பு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று நாங்கள் நாக்கால்தான் முடிவெடுப்போம். மேசையில் கிடந்த கண்ணாடி முகவையில் வாளித் தண்ணீரை மொண்டு ஒரு மிடறு வாயில் வைத்து உமிழ்ந்தேன்.

"கொஞ்சம் கைக்குது. ஆனா உப்பில்லை" என்று தீர்ப்புச் சொன்னேன்.

(அது ஏன் கைத்தது என்று பட்டதாரி மூளை யோசிக்கவில்லை.)

அந்த வாளித் தண்ணீரிலேயே சிலைட்டுகளைக் கழுவினேன். டொக்டரைக் காணவில்லை. சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தண்ணீரில் அலசினேன். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மூன்றாவது தண்ணீரிலும் அலசினேன். எங்கள் வீட்டில் மீனை மூன்று தண்ணீரில் கழுவாமல் சட்டியில் போடமாட்டார்கள். கை தானாகவே எண்ணி முடித்தது.

டொக்டர் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு நுணுக்குக்காட்டியில் குனிந்தார். நான் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தேன்.

"சிவப்பாத் தெரியிறது நார், டொக்டர்."

"சிவப்பு எங்க பிள்ளை?"

நானும் குனிந்து பார்த்தேன். ஆறிப்போன பருப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெளிறிய மஞ்சள். அதற்குள், முதலிலேயே வேறு சாயத்தில் கறுத்திருந்த உயிரணுக் கருக்கள் மட்டும் புள்ளிகளாக. நார் இருந்த இடம் மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

"சத்தியமா இருந்தது டொக்டர்" என்று நிமிர்ந்தேன்.

அவர் என் வாயையே பார்த்தார்.

"நாக்கைக் காட்டுங்கோ."

காட்டினேன். லூர்து அண்ணை அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் தண்ணீர் மொண்டது, சாயம் கலக்கி அடியில் மிச்சம் காய்ந்திருந்த முகவையில். அந்தக் கசப்பும் சாயம்தான். சிலைட்டில் நிற்காத சிவப்பு என் நாக்கில் அப்படியே பிடித்திருந்தது.

"முதல்ல போய் வாயை நல்லாக் கொப்பளியுங்கோ. இது நஞ்சு" என்றார் டொக்டர். கொப்பளித்துவிட்டு வந்தபோது எழுந்து நின்றார். "இப்போதைக்கு மாதிரிகள் வெளியிலேயே போகட்டும்."

வீட்டுக்குப் போனதும் அம்மா, "எங்க இருந்து வெத்திலை சப்பிப்போட்டு வாறாய்?" என்று கேட்டார். பொய் சொல்லப் படிப்பு உதவவில்லை. நடந்ததைச் சொன்னேன். அதிலிருந்து வீட்டில் யாராவது விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்தால், அப்பா என்னைக் காட்டி, "பிள்ளை முதல்ல குடிச்சுப் பாக்கட்டும். நாக்குச் சிவந்தால் நீங்கள் குடியாதேங்கோ" என்பார்.

காய்ச்சி வடித்த தண்ணீரை எப்போதும் நம்பியிருக்க முடியாது என்று மறுநாளே ஒரே சாயத்தை இரண்டு விதமாகக் கழுவிப் பார்த்தேன். எங்கள் ஊர் நல்ல தண்ணீர் நாக்குக்குத்தான் நல்லது. அதிலிருக்கும் சுண்ணாம்பு சிவப்பைக் கரைத்துவிடும். அதே தண்ணீரில் சில துளி அசற்றிக் அமிலம் விட்டு, ஒரேயொரு முக்கு முக்கி எடுத்தால் சிவப்பு நிற்கிறது. ஒரு கிணற்றுக்கு இது சரி. மற்றக் கிணறுகளுக்கு?

போன சனிக்கிழமை பஸ் ஏறி அடம்பனிலும் இலுப்பைக்கடவையிலும் தண்ணீர் அள்ளி வந்து, போத்தல்களில் ஊர்ப்பெயர் ஒட்டி வைத்துவிட்டேன். டொக்டருக்கும் தொலைபேசி எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வருகிறார். புதிதாக வாங்கிய ஆட்டிறைச்சி கெடாமலிருக்க நேற்றிலிருந்து ஃபோமலினில் ஊறுகிறது.