ஏறியவர்களின் ஏகமனதான தீர்ப்பு

மனித அறிவின் உச்சம் எது என்று கேட்டால் சக்கரம் என்பார்கள், நெருப்பு என்பார்கள். பாவம், ஓடுகிற பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டே அது நிற்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்த எங்கள் ஆய்வுப் பிரிவை அவர்கள் பார்த்ததில்லை.

காலைப் பேருந்து நிறுத்தங்களில் நிற்காமல் போகிறது என்று புகார்கள் குவிந்தன. போக்குவரத்து அலுவலகம் உடனே செயலில் இறங்கியது. ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அது படிக்காதவர்கள் செய்கிற வேலை. கருத்துக் கணிப்புக்கு உத்தரவிட்டது.

பிரிவின் தலைவரை நாங்கள் ‘சதவீதம் சார்’ என்போம். நான் கணிப்பாளர். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் புள்ளியியலில். படிக்க வைத்தவள் அக்கா, தையல் கம்பெனித் தொழிலாளி. எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இன்னொரு நாள் லேட்டானால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று. நிற்காமல் போகிற பேருந்து அவளுடையதுதான்.

“சார், பஸ்ஸுக்குள்ள இருக்கறவங்களைக் கேட்டா எப்படி? ஸ்டாப்புல நிக்கறவங்களைத்தானே கேக்கணும்?”

“யாரும்மா அவங்க?”

“பயணிங்க சார்.”

“டிக்கெட் எடுத்துட்டாங்களா?”

“ஏறவே இல்லையே சார்!”

“அப்ப பயணி இல்லை. ரோட்டுல நிக்கற ஜனங்க. நம்ம ஆய்வு பயணிகளைப் பத்தினது. படிச்ச பொண்ணு, குழப்பிக்காதே.”

எப்பேர்ப்பட்ட ‘வரையறை’! மறுநாள் டிப்போவிலேயே ஏறிவிட்டோம். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: ‘உங்கள் நிறுத்தத்தில் பேருந்து நின்றதா?’

“நிக்காம? பறந்தா வந்தேன்?” என்றார் ஒரு பெரியவர்.

சார் ‘மிகவும் திருப்தி’ என்று எழுதச் சொன்னார்.

அடுத்த நிறுத்தத்தைப் பேருந்து தாண்டிப் பறந்தது. வெளியே பத்துப் பதினைந்து கைகள் உயர்ந்தன.

“பாரும்மா, எவ்வளவு சந்தோஷமா டாட்டா காட்டறாங்க!” சாரும் பதிலுக்குக் கை ஆட்டினார்.

அதற்கடுத்தது அக்காவின் நிறுத்தம். பாதி ரோட்டுக்கே வந்து நின்று கை காட்டினாள். வண்டி வேகமெடுத்தது. ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த கம்பியில் ஓங்கி அடித்தேன்.

“அண்ணே, நிறுத்துங்க!”

பழக்கமில்லாத ஓசையில் மிரண்டு வண்டி நின்றது. அக்கா மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள்; மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

“என்னம்மா பண்றே? கண்டவங்களை ஏத்தினா சாம்பிள் கெட்டுப் போயிடும்!” என்று பதறிய சார், சுதாரித்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார். “உங்க ஸ்டாப்புல பஸ் நின்னுதாம்மா?”

“இன்னிக்குத்தான் சார் நின்னுது. அதுவும் இவ அடிச்சதாலதான்...”

“‘நின்னுது’ போதும். மத்ததுக்குக் கட்டம் இல்லை.”

அன்று எட்டுக்கு முன்பே அக்கா கேட்டுக்குள் போய்விட்டாள். மாலையே அறிக்கை தயார். நூற்றுக்கு நூறு பேருக்குப் பேருந்து நின்றிருந்தது. அதிகம் புகார் வந்த நிறுத்தத்தில் ஏறிய ‘அனைவரும்’ நின்றது என்றே சொல்லியிருந்தார்கள். அந்த அனைவரும் என் அக்கா.

கடைசிப் பக்கத்தில் ‘பிழைகள்’ என்று ஒரு தலைப்பு. சார் எதையும் மறைக்காதவர். எழுதியிருந்தார்: ‘கணிப்பாளரின் தலையீட்டால் ஓரிடத்தில் பேருந்து நின்றுவிட்டது. இனி இவ்வாறு நிகழாது.’

கொடுத்த வாக்கை எங்கள் அலுவலகம் காப்பாற்றாது என்று யார் சொன்னது? மறுநாள் காலையே காப்பாற்றிவிட்டது. அக்கா நடந்தே போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது.