பெட்ரோல் மூடி வதம்

சாவி தொலைத்துக் கதவுக்கு வெளியே நின்று கை பிசைந்தோரே, கேளுங்கள். ஆயிரம் பூட்டு அடர்த்த அங்கையன், வளைந்த கம்பி ஒன்றையே வாளாய்க் கொண்ட வன்தோளன், இரும்புப் பெட்டகமும் தன் காலடி ஓசை கேட்டுத் தாழ் நெகிழும் தகையோன், கடைத்தெருவின் மூன்றாம் சந்தில் பூட்டுப் பழுது பார்க்கும் பெருந்தகை, தன் இல்லக்கிழத்தியோடு வாடகைக் காரேறி தமிழும் புழங்கும் அயல்நாடொன்றைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட மூன்றாம் நாளில் புரிந்த பெரும்போரின் வரலாறு இது. சாவித் துவாரங்களைக் காக்கும் தெய்வம் எதுவோ, அது இந்தக் கதைக்குத் துணை நிற்கட்டும்.

அவர் மனைவி தையற்காரி. பத்தொன்பது ஆண்டுகளாக ஊசிமுனையை விட்டுக் கண்ணெடுக்க நேரமில்லாதவள், நாட்காட்டிப் படத்தில் கண்ட ஓர் அருவியை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். வழி கேட்பது வீரனுக்கு இழுக்கு என்று நம் தலைவர் கருதியதால் முதல் நாள் வாழைத் தோட்டங்களுக்குள் கழிந்தது. இரண்டாம் நாள், திருப்பம்தோறும் இண்டிகேட்டர் என்று எண்ணி வைப்பரை ஏவி, கொளுத்தும் வெயிலில் காய்ந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே போயிற்று. மூன்றாம் நாளும் சாயத் தொடங்கிவிட்டது; மறுநாள் விடியலில் விமானம். அருவிக்கு இன்னும் இருபது நிமிட வழி. அதன் வாயிலை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். மணி நான்கு, எண்ணெய் முள்ளோ அடியோடு படுத்துவிட்டது.

அந்நிலையில்தான் தேர் பெட்ரோல் பங்க்கினுள் புகுந்தது. சீருடை அணிந்த பங்க்குப் பெண் குழாயைக் கையில் ஏந்தி, "மூடியைத் திறங்கண்ணே" என்றாள். இறங்கினார் தலைவர், நடந்தார், நோக்கினார், திகைத்தார். வண்டியின் இடப்புறத்தில் வட்டமாய், வழுவழுப்பாய், பிடியும் இன்றித் துவாரமும் இன்றி, கேலி செய்வதுபோல் ஒரு மூடி. தொழில் தொடங்கிய நாள் முதல் துவாரமில்லாப் பகைவனை அவர் எதிர்கொண்டதில்லை.

ஆயினும் புறங்காட்டாத அக்கோமான், மீண்டும் தேருக்குள் பாய்ந்து, இருக்கைக்கடியில் கைவிட்டு அகப்பட்ட நெம்புகோலை இழுக்க, முன்னால் பானெட் வாய் பிளந்தது; அடுத்ததை இழுக்க, பின்னால் டிக்கி வானோக்கி எழுந்தது; மூன்றாவதைப் பல்லைக் கடித்து இழுக்க, இருக்கை பின்னோக்கிச் சாய்ந்து, வன்தோளன் கால்கள் ஸ்டீயரிங்கின் மேல் கிடக்க மல்லாந்தார். பின்னால் நின்ற வண்டிகள் போர்ச்சங்கு முழக்கின. சில, பின்வாங்கிப் பக்கத்துக் குழாய்க்குப் போயின.

"அந்தப் பொண்ணையே கேளுங்களேன்" என்றாள் மனைவி.

எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டார், பிரகடனம் செய்தார்: "இருபத்தஞ்சு வருஷமா பூட்டு திறக்கிறவன், ஒரு மூடிக்குப் போய் யோசனை கேக்கணுமா? வெளியில தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான்?"

"லேசா அமுக்கிப் பாருங்கண்ணே" என்று பங்க்குப் பெண் கை நீட்டினாள். அவ்வளவுதான். மூடிக்கும் அவளுக்கும் நடுவே மலைபோல் நின்றார் மாவீரர். "அமுக்கிடாதம்மா. அமுக்கினா பூட்டிக்கும், இழுத்தாத்தான் திறக்கும். தொழில்காரன் சொல்றேன்." அவர் கடைச் சுவரில் தொங்கிய அத்தனை பூட்டுகளும் அந்த ஒரே நியதிக்குத்தான் கட்டுப்பட்டிருந்தன, அயல்நாட்டு மூடி மட்டும் மாறி நடக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்? திறக்க வந்தவர், இப்போது திறக்க வருவோரிடமிருந்து மூடியைக் காத்து நின்றார்.

அதன்பின் நடந்ததைச் சொல்லி மாளாது. மனைவியின் கொண்டையூசி களம் புகுந்து வளைந்து வீழ்ந்தது. நகவெட்டி முனை மழுங்கியது. இடையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, ஐந்தே நிமிடத்தில் ஒன்றும் அறியாததுபோல் வெயிலடித்தது. ஒருவன் வண்டியிலிருந்து தலை நீட்டி, "அண்ணே, இன்னிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று வினவ, செவிகொடாத சீராளர், ஸ்பேனர் தேடி டிக்கிக்குள் இடுப்புவரை மறைந்தார்.

மணி நான்கரை. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அருவி கைநழுவிப் போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கும் இவர் வீம்புதான் பெரிதாய்ப் போயிற்றே என்ற ஆற்றாமை. சண்டை போடவும் தெம்பில்லாமல் அவள் காரின் மேல் சாய்ந்தாள்.

டக்.

அவள் இடுப்பு பட்டு உள்ளே அமுங்கிய மூடி, மெல்ல வெளியே மலர்ந்தது. ஸ்பேனரும் கையுமாய் நிமிர்ந்த தலைவர் ஒரு கணம் பார்த்தார். மறுகணம் வெற்றி முரசு அவர் வாயிலேயே அதிர்ந்தது: "பாத்தியா? நான் நெம்பி நெம்பி இளக்கி வச்சிருந்தேன், நீ சாஞ்சதும் வந்துடுச்சு. இன்னும் நேரம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல பெட்ரோல், இருபது நிமிஷத்துல அருவி. ஏறு வண்டில."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுக் கோபத்தையும் அப்போதைக்கு ஒத்திவைத்து, செல்போனைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்தாள். பகை வென்ற பெருமான் மார்பு நிமிர்த்தி, இடக்கை இடுப்பில் ஊன்றி, வலக்கையால் குழாய்க்கு ஆணையிட்டார். பங்க்குப் பெண் குழாயோடு குனிந்தாள். குனிந்தவள் நீட்டவில்லை, மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த எழுத்துகளை ஒருமுறை படித்தாள்.

"அண்ணே, இது டீசல் வண்டி. இங்க பெட்ரோல் மட்டுந்தான். டீசலுக்கு அந்தப் பக்கம் வரிசையில நிக்கணும்."

அந்த வரிசையில் அவர்களுக்கு முன்னால் பதினேழு வண்டிகள் நின்றன.