முப்பத்தொன்றாம் எண்ணுக்கு ஒரு துணை

வீபெ ஆறாம் படியிலிருந்து இரண்டாம் முறையாக உருண்டு விழுந்தார். கணினித் திரையில்தான். ஆள் என்னவோ ரென்ஸ்காவின் எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"'பொருத்தத்தில் முரண்பாடு. படி மூன்றுக்குத் திரும்பவும்.'" ரென்ஸ்கா திரையை வாசித்துவிட்டு மேசையைத் தட்டினாள். "என்ன முரண்பாடுன்னு சொல்லித் தொலைக்குதா பாருங்க!"

"மூணாவது படி எது?"

"அறிமுகக் காப்பி."

"அப்போ மறுபடியும் உங்ககூட காப்பியா?" வீபெ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "என்ன செய்யறது, குடிப்போம்."

நெதர்லாந்தில் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் அந்தக் கால்வாய் ஊரில், தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு நாள் போய்ப் பேசிக்கொண்டிருக்கத் தொண்டர்களை அனுப்பும் சங்கம் அது. ரென்ஸ்கா அதன் ஒருங்கிணைப்பாளர். முன்பெல்லாம் தொண்டராகச் சேர ஒரு கைகுலுக்கல் போதும். இந்த ஆண்டு தலைமையகம் ஒரு மென்பொருளை வாங்கித் தலையில் கட்டிவிட்டது. விண்ணப்பம், நன்னடத்தைச் சான்று, அறிமுகக் காப்பி, பயிற்சி, ரகசிய உறுதிமொழி, ஜோடி சேர்த்தல், கடைசிக் கையெழுத்து என்று ஏழு படிகள். ஏழும் ஏறினால்தான் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பெயரே தெரியும். அதுவரை எண் மட்டும்தான்.

வந்த ஐந்து தொண்டர்களில் நான்கு பேர் இரண்டாம் படியிலேயே கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். வீபெ ஒருவர்தான் மிச்சம். முப்பத்தைந்து வருடம் தூக்குப்பாலம் காத்தவர். படகு வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தொழில்.

துணைக்குக் காத்திருப்போரில், பழைய தொண்டர்கள் யாரும் அமையாமல் மிச்சம் நிற்பது முப்பத்தொன்றாம் எண். ரென்ஸ்காவின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த எண்தான். அவளுக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமையில், அலுவலக உதவியாளர் கெர்பென் பதிந்து வைத்த விண்ணப்பம். 'பெண். அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து இரண்டு வருடம். கேட்டால் நிறைய வேலை இருக்கிறது என்பார். துணை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்.' அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்குள் ஜோடி அமையாவிட்டால் மென்பொருள் அந்த எண்ணை நீக்கிவிடும்.

"என்ன வீம்பு பாருங்க இந்தப் பொம்பளைக்கு!" என்றாள் கெர்பெனிடம். "யாரு இது?"

"பேரைச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கினதே நீங்கதானே?" என்றபடி கெர்பென் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அதுவும் சரிதான். விதி விதிதான்.

முதல் செவ்வாயில், பிஸ்கட் டப்பாவைத் திறந்து வீபெக்கு ஒன்று கொடுத்து உடனே மூடியிருந்தாள். அந்த ஊரில் காப்பிக்கு ஒரு பிஸ்கட்தான். இரண்டாம் செவ்வாய் அவர் படகுக்காரர்கள் பாலத்தடியில் போட்ட சண்டைகளைச் சொல்லச் சொல்ல, அவள் மூட மறந்துபோனாள்.

மூன்றாம் வாரம், பொழுதுபோக்கு பொருந்தவில்லையோ என்று 'மீன்பிடித்தல்' என்பதை 'இசை' என்று மாற்றினாள். அவர் இரண்டாம் படிக்கே போய்விட்டார். புதிதாக நன்னடத்தைச் சான்று வேண்டுமாம்.

"ஒரு வாரத்துல எவ்வளவு கெட்டுப்போயிருப்பேன்னு நினைக்குது?" என்று கேட்டார் வீபெ.

நான்காம் வாரம் பொறுமை போய், அவர் பெயரில் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கினாள். செவ்வாய் பத்து மணிக்கு வந்தவர் வியாழன் பத்து மணிக்கும் கதவைத் தட்டினார்.

"இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"ரெண்டு வீபெக்கும் தனித்தனியா கடிதம் வந்துச்சு. ஒருத்தன் வந்து இன்னொருத்தன் வரலைன்னா மரியாதையா இருக்குமா?" கையோடு சர்க்கரை ரொட்டி கொண்டுவந்திருந்தார். அன்று ரென்ஸ்கா தன் கணவர் ஆவ்கெ பனிச்சறுக்கில் விழுந்து விழுந்து தன்னைக் காதலித்த கதையைச் சொன்னாள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத கதை. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது.

ஐந்தாம் வாரம் கூடுதல் கணக்கை நீக்கினாள். 'காரணம்?' என்று ஒரு பட்டியல் நீண்டது. அவசரத்தில் முதலாவதை அழுத்தினாள்.

ஆறாம் செவ்வாய் வீபெ கறுப்புக் கரை போட்ட அட்டையை மேசையில் வைத்தார். "'எங்கள் அன்புத் தொண்டர் வீபெயின் மறைவுக்கு வருந்துகிறோம்.' என் தங்கச்சி கையில கிடைச்சிருக்கு. போன் பண்ணினா, எடுத்தது நான். அலறிட்டு வச்சுட்டா."

"ஐயோ! மன்னிச்சுக்கோங்க வீபெ. நீங்க இனிமே வரமாட்டீங்க, இல்ல?" கேட்டபடியே ரென்ஸ்கா பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். முப்பத்தொன்றாம் எண்ணுக்காகத்தான் இந்தக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"செத்தும் வந்திருக்கேன். இனிமேயா வராம இருக்கப்போறேன்?"

கணக்குக்கு உயிர் கொடுக்கவே மூன்று நாள் ஆயிற்று. கடைசி வெள்ளியும் வந்தது. வீபெ வந்து உட்கார்ந்தார். அவள் ஆறாம் படியை அழுத்த, மறுபடியும் முரண்பாடு. மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

"இந்த ஜோடியை நீங்க சேர்க்க முடியாதுங்க," என்றது ஒரு பெண் குரல். "உங்க ஆபீஸ்ல வேற யாராவதுதான் சேர்க்கணும்."

"ஏன், எனக்கு என்ன குறைச்சல்?"

"காரணம் ரகசியம். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

பன்னிரண்டு வருட ஒருங்கிணைப்பாளருக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? "கெர்பென்!" என்று கத்தினாள்.

கெர்பென் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, தன் கடவுச்சொல்லைப் போட்டு, ஆள்காட்டி விரலால் இரண்டு முறை குத்தினார். ஆறாம் படி பச்சையானது. ஏழாவதும் பச்சையானது.

"ஆறு வாரமா நான் மல்லாடினேனே!" கோபம் போன இடம் தெரியாமல் ரென்ஸ்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பாடா, அந்தம்மாவுக்கு ஆள் கிடைச்சாச்சு. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுக் கிளம்புங்க வீபெ. முதல் தடவை நானும் கூட வரேன்." அவள் குவளையை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைகள் இனி அந்த அம்மாவுக்குத்தான் என்ற நினைப்பில் காப்பியை விளிம்பு வரை ஊற்றினாள்.

வீபெ எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "எந்தத் தெரு கெர்பென்? ரொம்ப தூரமா?"

கெர்பென் திரையில் வந்திருந்த பெயரைப் பார்த்தார். பிறகு ரென்ஸ்காவைப் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டி மாட்டுங்க வீபெ, எங்கேயும் போக வேண்டாம். முப்பத்தொண்ணு இதோ உங்களுக்குத்தான் காப்பி ஊத்திட்டு நிக்குது."